வகுப்பில் கட்டிய தொட்டில்

எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானப் பாடம் என்றால் அரைப் பக்கம்தான். மரத்திலிருந்து பழம் விழுகிறது, பூமி அதை இழுக்கிறது, அதற்குப் பெயர் ஈர்ப்பு விசை. முடிந்தது. படத்தில் இருந்த ஆப்பிளைப் பிள்ளைகள் ஜம்புக்காய் என்றே நினைத்தார்கள். பாடத்தை மட்டும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிடுவார்கள். ஒப்பிப்பதைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் ரப்பர் தோட்டம் செங் என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் செம்மண் பாதையில் இருந்தது. மலாக்கா டவுனில் வளர்ந்த நான் அங்கே ஒரே வாத்தியார். எல்லா வகுப்புக்கும் ஒரே அறை.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். ஒரு நாள் வந்தால் இரண்டு நாள் வரமாட்டாள். அப்பா, அம்மா இருவரும் விடிவதற்கு முன்பே பால்மரம் வெட்டிப் பால் இறக்கப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் இடம் போதாது. கைக்குழந்தையான தம்பிக்குத் தொட்டில் ஆட்டுவது அவள் பொறுப்பு. ஒருநாள் திட்டித் தீர்த்துவிடுவது என்றே அவர்கள் குடியிருந்த லயன் வீட்டுக்குப் போனேன். அவள் ஒரு கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். வந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

"தம்பியையும் தொட்டிலையும் தூக்கிக்கிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வா" என்றேன்.

அப்படித்தான் வகுப்பின் உத்தரத்தில் ஒரு பழைய சேலை தொங்கியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அவள் தொட்டிலை ஆட்டுவாள், பாடமும் கேட்பாள். ஒரு நாள்கூட விடாமல் வந்தாள். வேறு இரண்டு வீட்டாரும் அவரவர் சேலையைக் கொண்டுவந்து கட்டினார்கள். என் வகுப்பில் பாதி நேரம் தாலாட்டுதான். ஆனாலும் எனக்கு அது பிடித்திருந்தது.

பழம் விழும் பாடத்தை நடத்தியபோது அவள் எழுந்து நின்றாள். "ஐயா, நான் தள்ளுறேன், தொட்டில் அந்தப் பக்கம் போவுது. திரும்பி வரும்போது யாரு தள்ளுறா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. கிளிப்பிள்ளைகளுக்கு நடுவே ஒரு கேள்வி! பூமிதான் அதைக் கீழே இழுக்கிறது, பழத்தை இழுக்கிற அதே இழுப்புதான் என்று சொல்லிக்கொண்டே தொட்டிலருகே ஓடினேன். அவளுடைய தம்பி அப்போது தரையில் விளையாடிக்கொண்டிருந்தான். காலியாக இருந்த தொட்டிலைப் பிடித்து நன்றாக வீசி ஆட்டினேன்.

"ஐயா, வெறுந்தொட்டில ஆட்டக்கூடாது. புள்ளைக்கு வயித்த வலிக்கும்" என்றான் ஒருவன்.

எனக்கும் தெரியாததல்ல. என் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். ஆனால் பாடம் என்று வந்துவிட்டால் எனக்குக் கண்மண் தெரியாது. "அதெல்லாம் சும்மா" என்று இன்னும் ஒரு தள்ளு தள்ளினேன்.

அன்று ராத்திரி முழுக்க அந்தக் குழந்தை அழுததாம். முதல் நாள் சாயங்காலம் அதன் அம்மா நங்காப் பழத்தை, நம் பலாப்பழத்தைத்தான், வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாள், தாய்ப்பால் வழியாக அதுதான் பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பது என் கட்சி. யார் கேட்டார்கள்? மறுநாள் காலை உத்தரத்தில் ஒரு சேலைகூட இல்லை. கடைசி பெஞ்சு காலியாகக் கிடந்தது. அவள் மறுபடியும் வீட்டோடு முடங்கிப்போவாளே என்று நினைக்க எனக்குத் தாங்கவில்லை.

பள்ளி விட்டதும் லயனுக்குப் போனேன். அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "டவுன் வாத்தியாருக்கு வெளையாட எம்புள்ள தொட்டில்தான் கெடச்சிச்சா? இனிமே இவ வரமாட்டா லா."

"அக்கா, தப்புதான், இனி..." என்று நான் தடுமாறும்போதே அந்தப் பெண் குறுக்கிட்டாள். "அம்மா, தம்பிக்குப் பேரு வைக்கிறப்ப தொட்டில்ல மொதல்ல கொழவிக் கல்லத்தானே போட்டீங்க? கல்லு கெடந்தா அது வெறுந்தொட்டில் இல்லல்ல? ஐயா கல்ல வச்சு ஆட்டட்டும். நீங்களே வந்து பாருங்க."

அம்மா விறுட்டென்று உள்ளே போய்விட்டாள். ஆனால் மறுநாள் மரம் வெட்டி, இறக்கிய பாலை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்தவள், ஒரு இடுப்பில் பிள்ளையும் மறு இடுப்பில் அம்மிக் குழவியுமாகப் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். சண்டைக்கு வந்தவளா, பாடத்துக்கு வந்தவளா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

ஒன்றையொன்று இடிக்காமல் தள்ளித் தள்ளி, ஒரே நீளத்தில் இரண்டு தொட்டில் கட்டினோம். ஒன்றில் பிள்ளை, ஒன்றில் கல். எது முந்தும் என்று கேட்டேன். கனமான கல்தான் முந்தும் என்றது வகுப்பு. அம்மாவும் தலையை ஆட்டினாள். இரண்டையும் ஒரே அளவு இழுத்துப் பிடித்து ஒன்றாக விட்டேன்.

அந்தப் பெண் சத்தமாக எண்ணத் தொடங்கினாள். கல் போனபோது பிள்ளையும் போனது, பிள்ளை திரும்பியபோது கல்லும் திரும்பியது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. பையன்கள் பெஞ்சின் மேல் ஏறிக்கொண்டார்கள். தம்பி உள்ளே கெக்கலி கொட்டிச் சிரித்தான். எனக்கோ உலகத்தையே வென்றுவிட்ட மாதிரி இருந்தது.

வெற்றிக் களிப்போடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தொட்டிலைப் பார்க்கவே இல்லை. எண்ணிக்கொண்டிருந்த மகளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது, முப்பதைத் தாண்டியது. அம்மாவின் உதடும் கொஞ்ச தூரம் கூடவே அசைந்துவிட்டு நின்றுபோனது. தொட்டில்கள் ஓயும்வரை மகள் தடுமாறாமல் எண்ணி முடித்தாள்.

"இதெல்லாம் இங்க வந்துதான் கத்துக்கிட்டாளா?"

"ஆமா அக்கா. இன்னும் நெறைய எண்ணுவா."

"அப்ப சேலைய அவுக்க வேணாம். நாளைக்கும் வரட்டும்."

போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் மரப்பால் காய்ந்த கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தாள்.

"இன்னொரு தரம் ஆட்டி விடுங்கய்யா. அவ எண்ணட்டும்."