மாமரத்துக்குக் கட்டிய பாலம்

ஆவடி டாங்கி ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் நாகவல்லிக்குப் 'பாட்டனி' என்றே பெயர். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண். தாவரவியலில் பட்டம் வாங்கிய கையோடு, ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த வேலுசாமிக்குக் கழுத்தை நீட்டிவிட்டு, எண்பத்து மூன்றில் ரயிலேறி வந்தவள். படித்ததைப் பேச இங்கே ஆள் கிடையாது. அதற்காக வாயைக் கட்டிக்கொண்டிருக்கவும் அவளால் முடியாது. காய்கறி வண்டி வந்து நின்றால் போதும்.

"உருளைக்கிழங்கு வேர் இல்லைங்க, தண்டு. குழி குழியா இருக்குல்ல, அதுதான் கண்ணு. அதுல இருந்துதான் முளைக்கும். சர்க்கரைவள்ளிதான் வேர்" என்பாள். வெங்காயத்தை உருட்டிக் காட்டி, "உரிச்சு உரிச்சு அழுறோமே, அத்தனையும் இலை" என்பாள். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வண்டிக்காரர் மட்டும், "எதுவா இருந்தா இன்னாமா, அரைக் கிலோ போடவா?" என்று கேட்பார்.

வேலுசாமிக்கு இதில் ஒரு குஷி. ஷிஃப்ட் முடிந்து வந்து, "நாகு, இன்னைக்கு என்ன குழம்பு?" என்பார். "வேர்" என்பாள் அவள். முள்ளங்கியா, கேரட்டா என்று மோந்து பார்த்துக்கொண்டே கை கழுவப் போவார்.

அவள் பேச்சைச் சிரிக்காமல் கேட்ட ஒரே ஆள் பால்காரப் பூங்காவனம். திருமுல்லைவாயிலில் தலைமுறை தலைமுறையாகப் பயிர் செய்த குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகிப் போக, எருமைகளை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பாலை ஊற்றிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். "அப்போ வாழ மரத்துல மரமே இல்லன்றியா? எல்லாம் எலையோட மட்டதானா?" என்று கன்னத்தில் கைவைத்துக்கொள்வாள். மறுநாள் வந்து, "எங்க ஊட்டுக்காரரு ஒத்துக்கல. வெட்டிக் காட்டினேன், கம்முனு ஆயிட்டாரு" என்பாள்.

பூங்காவனத்தின் வீட்டுப் பின்னால் ஒரு மாமரம் நின்றது. பங்கனபள்ளி ஒட்டு. தண்ணீர்ப் பஞ்சத்தில் குடிக்கவே லாரிக்குக் காத்து நின்ற காலத்தில், மாட்டுக்கு வைத்த தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்து ஊற்றி வளர்த்த கன்று அது. எண்பத்தெட்டுக் கோடையில்தான் முதன்முதலாகக் காய்த்தது. பழுத்ததில் பாதியை நாகவல்லி வீட்டுக்குக் கொண்டு வந்து கொட்டினாள்.

அந்த வருஷம் ஆவணியில் சென்னீர்குப்பத்தில் ஒரு உறவுக்காரக் கல்யாணம். குடும்பத்தோடு போனார்கள். போகும் அவசரத்தில் பூங்காவனத்தின் கணவர் கன்னியப்பன், புதிதாக வாங்கிய எருமையைச் சங்கிலியோடு அந்த மரத்தில் கட்டிவிட்டார். கன்றைப் பிரிந்து வந்த எருமை. அது கத்திக்கொண்டே மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. கல்யாணம் முடிந்து திரும்பியபோது, மரத்தின் இடுப்பில் ஒரு சாண் உயரத்துக்குப் பட்டை முழுக்க உரிந்து, வெள்ளைக் கட்டை ஈரமாகத் தெரிந்தது.

மறுநாள் காலையில் பால் ஊற்றும்போது பூங்காவனம் நடந்ததைச் சொல்லி அழுதாள். "சாணி பூசி வுட்டுட்டாரு. எலையெல்லாம் பச்சையாத்தான கீது, இன்னாத்துக்கு அழுவுறன்னு கேக்குறாரு. எனக்கு மனசு ஆறல தங்கச்சி" என்றாள்.

"பட்டை சுத்திலும் போயிருச்சாக்கா? கொஞ்சமாவது ஒட்டியிருக்கா?"

"ஒரு வெரலு கூட இல்ல."

நாகவல்லி அடுப்பை அணைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு பஸ் ஏறினாள்.

மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தாள். இலைகள் பளபளவென்றுதான் இருந்தன. அதுதான் ஏமாற்று. "அக்கா, மரத்துக்குள்ள ரெண்டு பாதை உண்டு" என்றாள். "உள்ள கட்டையில பொடிப்பொடிக் குழாயா ஓடுதே, சைலம், அது வழியா வேர் தண்ணியை மேல ஏத்தும். அது நல்லா இருக்கு, அதனாலதான் இலை வாடல. இலை வெயில்ல சமைச்ச சாப்பாடு கீழ இறங்குறது இந்தப் பட்டை வழியா. அதுக்கு ஃபுளோயம்னு பேர். அந்தப் பாதை அறுந்து போச்சு."

பூங்காவனம் தரையைப் பார்த்தாள். "அப்போ வேரு பட்டினியா கெடக்குதா?"

"ஆமாக்கா. கையிருப்பு இருக்கிறவரைக்கும் தாங்கும். அப்புறம் வேர் செத்து, மேல எல்லாம் காயும்."

"எதுனா பண்ணு."

வழி இருந்தது. அந்த மரத்திலேயே குச்சிகள் வெட்டி, காயத்துக்குக் கீழே ஒரு முனை, மேலே ஒரு முனை என்று பட்டைக்குள் செருகிப் பாலம்போல் ஒட்ட வேண்டும். நாகவல்லி அதைப் பரீட்சையில் படம் வரைந்து, பாகம் குறித்து, முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள். கையால் செய்ததில்லை. ஆனாலும் அன்றே செய்தாள். பட்டையைக் கீறி, குச்சிகளைச் சீவிச் செருகி, களிமண்ணைக் குழைத்துப் பூசினாள். கன்னியப்பன் தூரத்தில் பீடி பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் வரவில்லை.

குச்சிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. ஒன்றுகூடத் தப்பவில்லை. காய்ந்த குச்சிகளை முந்தானையில் சுற்றி எடுத்து வந்து, வீட்டில் சமையல்கட்டுத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு அழுதாள். ஷிஃப்டிலிருந்து வந்த வேலுசாமி, வியர்வைச் சட்டையோடு அவள் எதிரில் உட்கார்ந்தார். ஒரு குச்சியை எடுத்து, சீவிய முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"எது எதோட ஒட்டணும்?"

"பட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல நூல் மாதிரி வழவழன்னு ஒரு படலம் இருக்கும். கேம்பியம். அங்க இருக்கிற செல்லுதான் பெருகிப் பெருகிப் புதுத் திசு உண்டாக்கும். குச்சியோட கேம்பியமும் மரத்தோட கேம்பியமும் தொட்டுக்கிட்டே இருக்கணும்."

"தொடவே இல்லையே நாகு. மேடும் பள்ளமுமா சீவியிருக்கே. ரெண்டு முகமும் ஒட்டி உக்காரணும்னா நடுவுல வெளிச்சம் தெரியக்கூடாது. ஃபாக்டரியில நாங்க நாள் பூரா பாக்குற வேலை இதுதான்."

ஞாயிற்றுக்கிழமை இருவரும் திருமுல்லைவாயில் போனார்கள். எந்த முனை கீழே, எந்த முனை மேலே என்று நாகவல்லி குறித்துக் கொடுத்தாள். தலைகீழாகிவிட்டால் பாலத்தால் பயனில்லை. புது பிளேடால் ஒரே இழுப்பில் வேலுசாமி சீவினார். சீவிய குச்சி காற்றில் காயாமல் பூங்காவனம் ஈரத்துணியில் பொத்தி வைத்துக்கொண்டாள். குச்சியைக் கொஞ்சம் வில்லாக வளைத்துச் செருகினார்கள், காற்றில் மரம் ஆடினால் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்க. சின்ன ஆணி அடித்து, மெழுகை உருக்கிப் பூசி, பாலிதீன் கிழித்துக் கட்டினார்கள். வேலை முடியும் நேரத்தில் கன்னியப்பன் தென்னங்கீற்று வெட்டிக் கொண்டு வந்து, வெயில் படாமல் மறைப்பு கட்டினார்.

"அண்ணாத்தே, எரும கட்டுனது நான்தான்" என்றார் வேலுசாமியிடம், முகத்தைப் பார்க்காமல். "அவ எங்கிட்ட பேசியே எத்தினி நாளாச்சி தெரியுமா?"

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு நாள் பூங்காவனம் பால் கேன்கூட இல்லாமல் ஓடி வந்தாள். "தங்கச்சி, குச்சியில துளுரு வுட்டுகினு கீது!"

"கிள்ளிப் போட்டுருங்கக்கா! அது தனி மரமா வளரக் கூடாது, பாலமா மட்டும் இருக்கணும்" என்று கத்திய நாகவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. போய்ப் பார்த்தாள். இரண்டு குச்சிகள் போயிருந்தன. மற்றவை பிடித்துக்கொண்டன. முனைகளில் வெளிர்நிறத்தில் புதுச் சதை பொங்கி, மரத்தோடு ஒன்றாகியிருந்தது. அதை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். புத்தகத்தில் கறுப்புக் கோடாக இருந்தது இங்கே மெத்தென்று ஈரமாக இருந்தது.

அடுத்த கோடையில் மரம் காய்க்கவில்லை. அதற்கடுத்த வருஷம் காய்த்தது. பூங்காவனம் அவளைச் சும்மா விடவில்லை. "இவ்ளோ தெரிஞ்சிகினு ஊட்ல வெங்காயம் உரிச்சிகினு கீறியே" என்று தினமும் பாலோடு ஒரு திட்டும் ஊற்றினாள். அந்தத் திட்டு தாங்காமல்தான் நாகவல்லி தபாலில் பி.எட். படித்தாள். தொண்ணூற்று மூன்றில் அம்பத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூவுக்குத் தாவரவியல் எடுக்கச் சேர்ந்தாள். முதல் நாள் கிளம்பியபோது, பூங்காவனம் ஸ்டேஷன்வரை கூடவே வந்து, ரயில் நகரும்வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பாலங்கள் வருஷத்துக்கு வருஷம் தடித்தன. ஒன்றோடொன்று நெருங்கி, மரத்தின் இடுப்பைத் தூண்கள்போல் சூழ்ந்துகொண்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் நாகவல்லி அங்கே போனால், எந்தத் தூண் முதலில் துளிர்த்த குச்சி என்று பூங்காவனத்துக்கும் கன்னியப்பனுக்கும் சண்டை நடக்கும். வேலுசாமியைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வார்கள். அவர் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு தூணைக் காட்டுவார்.