திரைக்குப் பின்னால் ஒரு சில்வர் சொம்பு

எங்கள் வீட்டில் வெள்ளி என்றால் வெள்ளி, சில்வர் என்றால் எவர்சில்வர். தமிழ்நாட்டில் ஒரு தடவை பாத்திரக்கடைக்குப் போனவர்களுக்குக்கூட இதை விளக்க வேண்டியதில்லை. டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் வளர்ந்த எட்டு வயதுப் பெண்ணுக்கு யாராவது விளக்கியிருக்கலாம். விளக்காததால் நான் செய்தது சரியாகிவிடாது. அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அம்மாவுக்கு எச்-4 விசா. வேலைக்குப் போகக் கூடாது, கார் ஓட்டவும் தெரியாது. வாரம் மூன்று நாள் மத்தியானம் அவள் இங்கிலீஷ் வகுப்புக்குப் போக ஆரம்பித்தபோது, பள்ளி விட்டதும் நான் இருப்பதற்கு நடக்கிற தூரத்தில் ஓர் இடம் தேவைப்பட்டது. அப்படிக் கிடைத்ததுதான் எங்கள் அப்பார்ட்மென்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த யூதர் கோயில். எல்லா மதத்துப் பிள்ளைகளையும் அங்கே பார்த்துக்கொள்வார்கள். எங்களைப் பார்த்துக்கொண்டவரை மோரா என்று கூப்பிட வேண்டும். எபிரேய மொழியில் டீச்சர் என்று அர்த்தம். மோரா, தயிரா என்று அப்பா முதல் நாளே கேட்டுவிட்டார். அம்மா அதை அவருடைய பேர் என்றே நினைத்து, கடைசிவரை மோரா மேடம் என்றுதான் கூப்பிட்டாள்.

குளிர் விடுகிற சமயத்தில் ஒருநாள் மோரா எங்களை உட்காரவைத்துப் பாலைவனக் கூடாரத்தின் கதையைச் சொன்னார். எகிப்தில் அடிமைகளாக இருந்து தப்பி வந்த சனங்கள், போகிற வழியில் கடவுளுக்கு ஒரு கூடாரம் கட்டினார்களாம். பிரித்துத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற கோயில். உள்ளே ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஒரு பெட்டி. அங்கே தலைமைப் பூசாரி மட்டும், அதுவும் வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் போகலாம். அதைக் கட்டுவதற்குத் தங்கம், வெள்ளி, செம்பு, நீல நூல், சிவப்பு நூல், ஆட்டு ரோமம் எல்லாம் எங்கிருந்து வந்தன? யாரையும் கட்டாயப்படுத்தவில்லை, யாருக்கு மனசு வந்ததோ அவர்கள் கொடுத்தார்கள் என்றார் மோரா.

நாங்களும் ஹாலில் அட்டைப்பெட்டிகளும் போர்வைகளும் வைத்து ஒன்று கட்டப் போகிறோம், ஆளுக்கு ஒரு பொருள் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னார். கடையில் வாங்கக் கூடாது. வேண்டாமென்று ஒதுக்கியதாகவும் இருக்கக் கூடாது. வீட்டில் யாராவது மனசாரக் கொடுத்ததாக இருக்க வேண்டும். விதி அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நான் இங்கிலீஷில் ஒப்பித்த பட்டியலில் அம்மாவுக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான். திரும்பி வருமா என்று கேட்டாள். வராது என்றேன். மூன்றாம் நாள் காலையில் மேல் அலமாரியிலிருந்து ஒரு சொம்பை எடுத்து, புளி போட்டுத் தேய்த்து, துணியால் துடைத்து என் கையில் கொடுத்தாள். அதன் கழுத்தில் புள்ளி புள்ளியாகத் தமிழில் ஏதோ வெட்டியிருந்தது. எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் இல்லை.

"சில்வர்தான கேட்டாங்க? இதக் குடு. கீழ போட்றாத."

எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தோம். ஒருத்தன் செம்புக் குழாய்த் துண்டு கொண்டுவந்திருந்தான். இன்னொருத்தி ஆடு கிடைக்காததால் தன் நாயின் முடியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்திருந்தாள். என் முறை வந்ததும் எழுந்து நின்றேன். இது சில்வர், அசல் சில்வர், இந்தியாவிலிருந்து வந்தது என்று அறிவித்தேன். நாய் முடிக்காரி வாங்கிப் பார்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். அடியில் முத்திரை குத்தியிருந்ததை நிறுத்தி நிதானமாகப் படித்தாள்: ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

சிரித்தார்கள். பெரிதாகக்கூட இல்லை, பிள்ளைகள் சிரிக்கிற சிரிப்புத்தான். என் அம்மாவுக்குச் சில்வரும் ஸ்டீலும் தெரியாது என்று அந்த வட்டம் முழுக்க நினைப்பதாக எனக்குப் பட்டது. காது சுட்டது. அவளை அங்கேயே கைகழுவிவிட்டால் நான் தப்பித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அதைத்தான் செய்தேன்.

அம்மா இதைக் குப்பையில் போட எடுத்துவைத்திருந்தாள், நான்தான் எடுத்து வந்தேன் என்றேன்.

மோரா சொம்பை இரண்டு கையாலும் எடுத்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அப்படியானால் இதை எடுத்துக்கொள்ள முடியாதே கண்ணு, மனசாரக் கொடுத்ததைத்தானே கேட்டோம், வேறொன்று கொண்டு வா என்று மெதுவாகச் சொன்னார். நாய் முடி உள்ளே போயிற்று. என் அம்மாவின் சொம்பு வெளியே வந்தது.

வெளியே அம்மா காத்துக்கொண்டிருப்பாள். சொம்போடு அவள் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. கோயில் நடையில், பழைய பாத்திரம் பண்டம் வேண்டாதவர்கள் போட்டுவிட்டுப் போகிற பெட்டி ஒன்று இருந்தது. இரண்டு வாணலிக்கு அடியில் அதைச் செருகினேன். அடுத்த வகுப்பன்று ஓடிப்போய்ப் பார்த்தபோது பெட்டி காலியாக இருந்தது.

கூடாரம் கட்டி முடிந்ததும் பெற்றோர்களை அழைத்தார்கள். அம்மா பட்டுப்புடவை கட்டி, மேலே ஸ்வெட்டர், காலில் ஷூவோடு நடந்தே வந்தாள். மற்ற அம்மாக்கள் ஜீன்ஸில் நின்றார்கள். நான் இரண்டடி தள்ளியே நின்றேன்.

மோரா எல்லோருக்கும் விளக்கினார். எனக்கொரு இடம் கட்டுங்கள் என்று கடவுள் கேட்டார், ஆனால் அதற்குள் குடியிருப்பேன் என்று சொல்லவில்லை, அவர்களுக்குள் குடியிருப்பேன் என்றுதான் சொன்னார் என்றார். அம்மா என் தோளைத் தொட்டு என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சாமி உள்ளே இருக்கிறாராம் என்றேன். அவ்வளவு பெரிய விஷயத்தில் ஒரு சொல்லை விழுங்கியதுகூட எனக்குத் தெரியவில்லை.

அம்மாவின் கண் ஒவ்வொரு பொருளாகத் தேடியது. செம்புக் குழாயைப் பார்த்தாள், நாய் முடியைப் பார்த்தாள், கூடார வாசலில் பூசாரி கை கழுவுவதற்கென்று வைத்திருந்த தொட்டியை எட்டிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"நம்ம சொம்பு எங்கடி?"

அந்த வருஷம் நான் அம்மாவோடு தமிழில் பேசுவதே கிடையாது. அவள் தமிழில் கேட்பாள், நான் இங்கிலீஷில் பதில் சொல்வேன். அன்றைக்கு மட்டும் முழுசாகத் தமிழ் வந்தது.

"திரைக்குப் பின்னாடி இருக்கும்மா. அங்க யாரும் போகக் கூடாது."

நீலப் போர்வை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தங்கக் கலர் அடித்த சீரியல் அட்டைப்பெட்டி ஒன்றுதான் இருந்தது. அம்மாவுக்குக் கர்ப்பக்கிரகம் தெரியும். போகக் கூடாத இடம் என்றால் ஒரு கேள்வியும் கேட்க மாட்டாள். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அத்தனை பேர் நடுவே போர்வையின் முன்னால் போய் நின்று கும்பிட்டாள், கன்னத்தில் போட்டுக்கொண்டாள். யாரோ ஒரு அப்பா பேசுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது. அப்போதும் எனக்காகத்தான் வெட்கப்பட்டேன், நான் செய்ததற்காக அல்ல. இன்றைக்கு அதை நினைத்தால் தலை நிமிர முடியவில்லை.

திரும்பி வந்து ஷூவை மாட்டிக்கொண்டே, "பத்திரமா இருக்கும்ல?" என்று கேட்டாள். இருக்கும் என்றேன்.

அடுத்த வருஷம் என்னை ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே முதலில் அவரவர் பேரை எழுதத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஒருநாள் காலையில் பால் குடிக்கும்போது டம்ளரின் விளிம்பில் புள்ளி புள்ளியாக இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் பேர்.

அம்மா தோசைக்கல்லிலிருந்து திரும்பாமலே பேசினாள்.

"படிச்சிட்டியா? உன் காது குத்துக்கு மாமா சீரா வச்சது. சொம்புலயும் அதே பேருதான் வெட்டிருக்கும். அதான் அதக் குடுத்தேன். நீ இந்த ஊர்லதான இருக்கப் போற, உன் பேரு இங்க ஒரு சாமிகிட்ட இருக்கட்டும்னு."

பாலைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு இப்போது முப்பது தாண்டிவிட்டது, இன்னும் சொல்லவில்லை. அம்மா இப்போது நன்றாகவே டிரைவ் பண்ணுகிறாள். அந்தக் கோயில் தெரு வழியாகப் போகும்போதெல்லாம் வண்டியை மெதுவாக்கி, ஸ்டியரிங்கில் ஒரு கையை வைத்துக்கொண்டு மறு கையால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள். பக்கத்து சீட்டில் நான் வாயைத் திறக்கிறேன், வண்டி அதற்குள் தாண்டிவிடுகிறது.

பத்திரமா இருக்கும்ல என்று அன்றைக்கு அவள் கேட்டபோது, சொம்பைக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன்.