மூன்றாவது கீறல்

அருங்காட்சியகத்தின் பின்கட்டில் இருபத்தாறு வருஷமாக எலும்பு சுத்தம் செய்கிறவளுக்குப் பல் டாக்டர் என்று பெயர். பல் வைத்தியர்கள் பயன்படுத்தும் ஊசியால்தான் பனியுக யானைகளின் எலும்பில் ஒட்டிய மண்ணைச் சுரண்டுவாள். ஒரு விலாவுக்கே நாலு மாதம் பிடிக்கும்.

"உங்க பேஷண்ட் மட்டும் வாயே திறக்கறதில்ல," என்பார் தங்கை புருஷன்.

"அதான் நிம்மதி மாப்பிள்ளை."

வாயாட இரண்டு பேராசிரியர்கள் இருந்தார்கள். அந்தப் பெரிய மிருகங்களை மனிதன்தான் வேட்டையாடித் தீர்த்தான் என்பவர் ஒருவர். பூமி சூடாகி, புல்வெளி சுருங்கி, பட்டினியில் போய்ச்சேர்ந்தன என்பவர் இன்னொருவர். வேட்டைக்காரர், வெயில்காரர் என்றால் வாசல் காவலாளிக்கும் தெரியும்.

அன்று வேட்டைக்காரர் ஒரு பழைய விலா எலும்போடு வந்தார். அதில் மூன்று கீறல்.

"கல்லுக் கத்திம்மா. கறி அறுத்த தடம். அடுத்த வாரம் கட்டுரை போகுது."

பின்னாலேயே வெயில்காரர், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

அவள் எலும்பை வாங்கி விளக்கடியில் திருப்பிப் பார்த்தாள். வேலைக்கு வந்த புதிதில் அவள் ஊசி நழுவிய விலா அது. வெளுத்துத் தெரிந்த கீறல்களில் டீ டிகாஷனைத் தடவி, மேலே பசை பூசி, பதிவேட்டில் எழுதாமல் விட்டிருந்தாள். இப்போது எலும்பு சுத்தம் செய்யும் கூடத்துக்குத் தலைமை அவளே என்ற உத்தரவு இயக்குநர் மேசையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. வாயைத் திறந்தால் அது போகலாம். திறக்காவிட்டால், அவள் கை நழுவியதே ஒரு மிருகத்தின் சாவுக்குச் சாட்சியாகிவிடும்.

"சார், இது என் ஊசி பட்டது. இதுவும்."

பஞ்சைப் பசை கரைக்கும் அசிட்டோனில் நனைத்து ஒற்றினாள். பழுப்பு பஞ்சுக்கு வந்தது. கீறல் இரண்டும் வெளுத்தன.

"நான் அப்பவே சொன்னேன்யா," என்றார் வெயில்காரர்.

"இருங்க சார். மூணாவது என்னோடது இல்ல." உருப்பெருக்கியைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, மண்ணுக்குள்ள கிடந்தப்ப படிஞ்ச சுண்ணாம்பு கீறலுக்கு மேல இருக்கு. மண்ணுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பட்டது. கத்தியா, இல்ல யானைக் கூட்டம் மிதிச்சுக் கல்லு உரசுச்சான்னு நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கங்க."

வேட்டைக்காரர் உருப்பெருக்கியில் குனிந்து பார்த்தார். "எப்படிம்மா நம்பறது?"

"என்னோடதா இருந்தா ரெண்டைச் சொன்ன வாயால மூணுன்னு சொல்லியிருப்பேனே."

வெயில்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவள் பழைய பதிவேட்டை எடுத்து, அன்றைய தேதியிட்டு எல்லாவற்றையும் எழுதி, தானே இயக்குநரிடம் கொண்டுபோனாள்.

உத்தரவு இரண்டு மாதம் தாமதமாக வந்தது; முதல் வருஷம் அவள் தொட்ட எலும்புகள் அத்தனையையும் மறுபடி பார்த்துத் தரவேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்குள் அவள் பாதியை முடித்திருந்தாள்.