கருஞ்சிறுத்தைக்கு யார் மீது பகை?

போன செவ்வாய்க்கிழமை ஒருவர் வீட்டுக்கு வந்தார். திண்டுக்கல்லில் ரெஸ்லிங் ஷோ நடத்தப் போகிறாராம். "உங்க பத்தியில நாலு வரி எழுதுனீங்கன்னா கூட்டம் சேரும் சார்" என்றார்.

"கதை யார் எழுதுறாங்க?" என்று கேட்டேன்.

"ரெஸ்லிங்குக்கு எதுக்கு சார் கதை? லைட்டு, பாட்டு, நாலு அடி... போதாதா?"

போதாது. ஏன் என்று அவரிடம் சொல்ல எனக்குத் தெம்பில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கேபிள் டிவி வீட்டுக்கு வீடு நுழைந்த தொண்ணூறுகளின் கடைசி. என் நண்பன் சேவியர் ஒரு பம்ப்செட் கடையில் வேலை பார்த்தான். ஆறடி ஆள். மோட்டாரை ஒற்றையாகத் தூக்கி வண்டியில் வைப்பான். டிவியில் ரெஸ்லிங் ஓடினால் அவனை அசைக்க முடியாது. "அடிய மட்டும் பாக்காதலே... ரெண்டு பேருக்கும் என்ன பகைன்னு பாரு. மாசக்கணக்கா கதை சொல்லிட்டு வாரான்!" என்பான்.

அவனைத்தான் எங்கள் ஊரில் ரெஸ்லிங் ஷோ நடத்தக் கிளம்பிய வெளியூர் அமைப்பாளர் ஒருவர் தேடி வந்தார். முகமூடி போட்ட வில்லன் வேஷம். பெயர் கருஞ்சிறுத்தை.

சேவியருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவி ஸ்டெல்லா கறுப்பு சாட்டின் துணியில் முகமூடி தைத்துக் கொடுத்தாள். இவன் ஒரு நோட்டில் கதையே எழுதிவிட்டான். ஒரே மாஸ்டரிடம் பயின்ற இருவர் — ஒருவன் துரோகம் செய்கிறான். "கடைசியில முகமூடியக் கழட்டி மன்னிப்புக் கேக்குறேன்லே. சனம் அழணும்."

அமைப்பாளர் நோட்டைத் திறக்கக்கூட இல்லை. "மூணாவது ரவுண்டுல தோத்துருப்பா. அவ்வளவுதான்."

ஷோ அன்று சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். ரிங் என்று ஒன்று இருந்தது. பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, மேலே பலகை, அதற்கு மேல் மெல்லிய மெத்தை, தார்ப்பாய். மைக் கீச்சிட்டது. அறிவிப்பாளர் ஹீரோவை வில்லன் என்றும், வில்லனை ஹீரோ என்றும் மாற்றிச் சொன்னார். யாருக்குக் கைதட்டுவது? யாரைத் திட்டுவது? ஒருவருக்கும் விளங்கவில்லை.

ஹீரோ, பழனியில் லாட்ஜ் வேலை பார்த்த முருகேசன். மூன்றாவது ரவுண்டில், பழகியபடியே சேவியரைத் தூக்கி மல்லாக்கப் போட்டான்.

பலகை விலகியது. பெஞ்சின் விளிம்பில் முதுகு மோதியது.

சேவியர் எழவில்லை. கையைத் தூக்கி ஆட்டினான். கூட்டம் சிரித்தது. "நடிப்புன்னா இதுதாய்யா!" என்று யாரோ கத்தினார். நடுவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி முடித்தார். வெற்றிப் பாட்டு அலறியது.

முருகேசன் மட்டும் குனிந்தான். "ஏனுங்க... நெசமாவே அடிபட்டிருச்சுங்களா?" கேட்டபடியே முகமூடியைப் பிய்த்தெடுத்தான். அந்த முகத்தைப் பார்த்த பிறகுதான் மைதானம் அடங்கியது.

நான் மேலே ஏறி ஓடினேன். "ஏலே, என் காலத் தொட்டுப் பாரு... தொடுறியா?" என்றான் சேவியர்.

நான் தொட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் கிடந்தான். உயிர் தங்கியது, கால்களில் உணர்வு திரும்பவில்லை. அமைப்பாளர் அதன் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. முருகேசன்தான் மாதம் ஒரு ஞாயிறு பஸ் பிடித்து வருவான். சேவியரைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டிவிடுவான். ஒருநாள், "நான் போட்டதுதானுங்களே..." என்று அவன் உடைந்து அழுதான்.

"நீ சரியாத்தேன் போட்ட அப்பு. கீழ பலகைதேன் இல்ல" என்றான் சேவியர்.

ஸ்டெல்லாவுக்கு வேறொரு வருத்தம். "முகமூடியே தச்சிருக்கக் கூடாதுண்ணே. மூஞ்சி தெரிஞ்சிருந்தா சனம் சிரிச்சிருக்காதுல்ல?"

முகமூடி என்ன செய்யும், பாவம்! அவன் யார், எதற்காக மோதுகிறான் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், அவன் விழுந்தபோது யாராவது ஒருவர் பதறியிருப்பார். கதை வேறெதற்கு? மேடையில் நிற்பவன் மேல் நமக்கு ஓர் அக்கறை வரவேண்டும், அதற்குத்தானே? அந்த அக்கறை நடத்துகிறவருக்கே இல்லாத இடத்தில், பலகையை மட்டும் யார் சரிபார்க்கப் போகிறார்கள்?

இத்தனை வருடமாகச் சேவியரிடம் நான் சொல்லாதது ஒன்று உண்டு — அவன் கையை ஆட்டியபோது, முன்வரிசையில் உட்கார்ந்து நானும்தான் சிரித்தேன்.