எண்ணெய் தேய்த்த சிப்பிப்பாறை

சிப்பிப்பாறை நாய்தான் வேண்டும் என்றது நான். முயல் விரட்டப் பிறந்த இனம். எங்கள் தெருவில் முயல் கிடையாது என்பதைப் பிறகுதான் யோசித்தேன். "எவ்ளோ வழவழன்னு இருக்கு பாரு, முடி கொட்டறதுக்கு இன்னா இருக்கு?" என்று மனைவியிடம் வாதாடினேன். அவள் வக்கீல். அவளிடம் நான் ஜெயித்த ஒரே வழக்கு அது.

அப்பீலில் தோற்றேன். குட்டை முடியும் உதிரும். உதிர்ந்தது ஊசி மாதிரி துணியில் குத்திக்கொண்டு நிற்கும். வெள்ளை நாய், கறுப்புக் கோட்டு. கோர்ட்டில் யாரோ, "மேடம், வீட்ல கோழி வளக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். அன்று மாலையே தீர்ப்பு.

"ஒரு மாசம் டைம். அப்பவும் கோட்டுல முடி இருந்தா, நாய் சேதராப்பட்டுல என் தம்பி பட்டறைக்குக் காவலுக்குப் போயிடும்."

அங்கே சங்கிலியில் கட்டிப்போடுவார்கள். இது என் கட்டிலுக்கடியில் தூங்குகிற பிராணி.

முடி கொட்டினால் எங்கள் வீட்டில் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்து ஊறவைத்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டினேன். அது எனக்கே பலிக்கவில்லை என்பதைக் கண்ணாடி பார்த்தாவது தெரிந்துகொண்டிருக்கலாம். முடி முன்பைவிட அதிகமாகக் கொட்டியது.

கெடு முடிந்த சனிக்கிழமை, நாயை எண்ணெயில் ஊறவிட்டு, கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தேன்.

"நாய்க்கு சீயக்காயா? தோல் காஞ்சி இன்னும் கொட்டும் சார். ரப்பர் கிளவுஸ் போட்டு தெனம் அஞ்சு நிமிஷம் தேய்ங்க. குளியல் மாசத்துக்கு ஒண்ணு போதும்."

அதற்குள் வாசலில் ஹாரன். மச்சான், புதுக் காரோடு.

"குளிப்பாட்டிட்டு தரேன்பா..."

"நேரமில்ல மாமா." தூக்கிப் பின்சீட்டில் போட்டான். அது கண்ணாடி வழியே என்னைப் பார்த்தது. நான் சீயக்காய்க் கிண்ணத்தோடு நின்றேன்.

கால் மணி நேரத்தில் கார் திரும்பி வந்தது. சீட்டு, ஸ்டியரிங், மச்சானின் சட்டை எல்லாம் எண்ணெய். எண்ணெய்மேல் வெள்ளை முடி.

"தட்டாஞ்சாவடி கூட தாண்டல மாமா, தாவி வந்து மடியில உக்காந்துகிச்சி. அக்கா, நீயே வச்சிக்கோ!"

மனைவி தம்பியை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு என்னை. "இனிமே கோட்டு உங்க பொறுப்பு."

இப்போது தினமும் காலையில் நாய்க்கு ஐந்து நிமிஷம், கோட்டுக்குக் கால் மணி. கடைசி முடியையும் பொறுக்கிக் கோட்டை நீட்டுவேன். போட்டுக்கொண்டு கிளம்புகிறவளை வழியனுப்ப நாய் வாலாட்டிக்கொண்டு ஓடி, அவள்மேல் ஆசையாகச் சாயும். கிளவுஸ் மாட்டிய கையோடு பார்த்துக்கொண்டு நிற்பேன்.