அண்ணனின் சாவும் எவேலியோவின் வெற்றியும்

எவேலியோவின் முகத்தைத் தெரியாதவர்கள் எங்கள் பியெத்ரா கிராந்தே ஊரில் இருக்கலாம். மேட்டுத் தெருவில் சிலர் வீட்டை விட்டுக் கீழே இறங்குவதே இல்லை. குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. அவனிடம் பழைய சின்ன லாரி ஒன்று, அதன் கூரை மேல் இரண்டு குழாய் ஒலிபெருக்கி, கையில் ஒரு மைக். முட்டைக்கோசு வந்திருக்கிறது, நாளைக்குத் தண்ணீர் வராது, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பிங்கோ ஆட்டம், இன்னாருடைய நாயைக் காணவில்லை, இன்னார் செத்துப்போனார், எல்லாம் அவன் வாய் வழியாகத்தான் வரும். எனக்கு எழுத்துத் தெரியாது. எனக்குச் செய்தித்தாள் அவன்தான்.

சாவுச் செய்தியை அவன் சொல்லும் அழகே தனி. "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்" என்று தொடங்குவான். அந்த "ஆழ்ந்த" என்பதைக் கிணற்றுக்குள் வாளி இறங்குவது மாதிரி இறக்குவான். உயிரோடு இருந்தவரை யாரும் திரும்பிப் பார்க்காத ஆளுக்குக்கூட அந்த இறக்கத்தில் ஒரு மரியாதை வந்துவிடும்.

ராசியில்லாத ஆளை எங்கள் கோஸ்தா ரிக்காவில் உப்புப் பிடித்தவன் என்போம். எவேலியோவுக்கு ஊர் வைத்த பெயரே உப்பன். எல்லாம் தேர்தலால் வந்த வினை. ஓட்டுப் போடும் வயது வந்ததிலிருந்து அவன் ஆரஞ்சுக் கொடி. அவன் போடத் தொடங்கிய பிறகு ஆரஞ்சுக் கொடி ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்ததே இல்லை. அதற்கு முன்னால் பல முறை ஜெயித்திருக்கிறது. அதுதான் பழி அவன் தலையில் விழுந்ததற்குக் காரணம்.

ஜெயித்ததெல்லாம் நாங்கள், ஊதாக் கொடி. என் அண்ணன் பத்ரோசினியோதான் ஊரில் ஊதாக் கட்சிக்குத் தலைவன். ஜெயித்ததும் கார்கள் கொடி கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு ஊரைச் சுற்ற வேண்டும். முன்னால் ஒலிபெருக்கி வேண்டும். ஊரில் இருப்பதோ ஒரே ஒலிபெருக்கி. அண்ணன் வேறு யாரையும் அனுப்ப மாட்டான், தானே போய் எவேலியோவின் கதவைத் தட்டுவான்.

"எவேலியோ, வண்டியை எடு."

"வேற ஆளைப் பாருங்கண்ணே. தொண்டை கட்டியிருக்கு."

"கட்டினது தொண்டை இல்ல, மனசு. வா, வா. காசு வேணாம்னு சொல்ற ஆளா நீ?"

பிள்ளைகள் வீட்டில் சாப்பிட வேண்டுமே, வருவான். எங்கள் வெற்றியை ஊர் முழுக்க அவன்தான் முழங்குவான். கன்னத்தில் கண்ணீர் வழியும். விவரம் தெரியாதவர்கள், ஆகா, என்ன கட்சிப் பற்று என்று நெகிழ்ந்துபோவார்கள். அண்ணன் பின்னால் நின்றுகொண்டு லாரிக் கூரையைத் தட்டுவான்.

"இன்னும் சத்தமா, உப்பா! உன் கட்சி ஜெயிக்கிற அன்னைக்கு நான் நடு வீதியில தொப்பியைக் கழட்டிட்டு நின்னு கேக்கறேன். சத்தியம்!"

அண்ணன் தூங்கும்போது மட்டும்தான் தொப்பியைக் கழற்றுவான். பாதிரியாரிடமே அதற்காகத் திட்டு வாங்கியவன். அதனால் அது சின்ன சத்தியம் இல்லை. எவேலியோ ஒவ்வொரு முறையும் அதைக் கேட்டு மனதுக்குள் பூட்டி வைத்துக்கொண்டான்.

போன தேர்தலில் ஆரஞ்சுக் கட்சிக்குத் திடீரென்று காற்று அடித்தது. உடனே அவர்களுடைய தலைவர் எலாதியோ எவேலியோ வீட்டுக்கு ஓடினார். மருந்துக் கடை வைத்திருக்கிற பெரிய மனிதர், நன்றாகச் சலவை செய்த சட்டை.

"தம்பி, நீ இந்த ஒரு தடவை ஓட்டுப் போடாம இரு. வீட்டுலயே இரு. கோழிச் சோறு நான் அனுப்பறேன்."

"எலாதியோ அய்யா, நான் நம்ம கட்சிதானே?"

"அதனாலதாம்ப்பா கேக்கறேன்!"

என் அண்ணன் சும்மா இருப்பானா? ஓட்டு நாள் காலையில் ஊதாக் கொடி பறக்கத் தன் காரை எவேலியோ வாசலுக்கு அனுப்பிவிட்டான். பள்ளிக்கூட வாசலில் எங்கள் காரிலிருந்து எவேலியோ ராஜா மாதிரி இறங்கி, எலாதியோ தலையில் கைவைத்துக்கொண்டிருக்க, உள்ளே போய் ஆரஞ்சுக்குப் போட்டுவிட்டு வந்தான். நானும் என் ஊதா நிறத்தைத் தேடிப் போட்டுவிட்டு வந்தேன். நிறம் தெரிந்தால் போதும், ஓட்டுக்கு எழுத்து எதற்கு?

இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வந்தது. தேர்தல் மன்றம் எல்லாவற்றையும் மறுபடி கையால் எண்ணப் போகிறோம் என்று சொல்லிவிட்டது. வாரக் கணக்கில் எண்ணினார்கள். அந்த நாட்களில் எவேலியோ ஆரஞ்சுக் கட்சியின் பெயரைக்கூட வாயால் சொல்லக் கூடாது என்று எலாதியோ உத்தரவு போட்டிருந்தார். ஆரஞ்சுப் பழம் விற்க வந்தவனுக்குக்கூட அவன் "உருண்டையான பழம்" என்றுதான் அறிவித்தான்.

முடிவு வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ரேடியோவைப் பக்கத்தில் வைத்துக் காபி குடித்துக்கொண்டிருந்தபோதே என் அண்ணன் போய்விட்டான். கோப்பையில் பாதி மிச்சம். அண்ணி அவனுக்கு முன்பே போனவள், பிள்ளைகள் தலைநகரத்தில். நான்தான் எல்லாம் பார்த்தேன். துக்கத்துக்கு வந்தவர்கள் வாழையிலையில் அவித்த தமாலியைத் தின்றுகொண்டே, "உப்பன் வாயால கேக்க வேண்டி வருமேன்னு பயந்து கெளம்பிட்டார்" என்று பேசிக்கொண்டார்கள். நான் அடுப்பங்கரையிலிருந்து கரண்டியோடு வந்தேன், பேச்சு நின்றது. ஆனால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

எவேலியோ பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

"ஒரு நாள், அக்கா! ஒரே ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்?"

"உன் கட்சி தோத்திருந்தா?"

"தோத்தாலும் கிண்டல் பண்ண ஆள் வேணாமா?"

அப்புறம்தான் இன்னொன்றையும் சொன்னான். ஜெயித்தாலும் அறிவிக்கப்போவது அவன் இல்லையாம். "உன் வண்டி வரட்டும், உன் வாய் வர வேண்டாம்" என்று எலாதியோ சொல்லியிருக்கிறார். அவருடைய தங்கை மகன் யெய்னர் பேசுவானாம். அந்தப் பையன் தலைநகரில் ரேடியோ படிப்பு படித்தவன். அவன் பேசினால் பற்பசை விளம்பரம் மாதிரி இருக்கும்.

மறுநாள் நான் எவேலியோவின் லாரியில் ஏறி உட்கார்ந்தேன். என் அண்ணன் பெயரை அவன் ஒழுங்காகச் சொல்கிறானா என்று நான் கேட்டாக வேண்டும். ஊரை மூன்று சுற்று சுற்ற வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன். ஊதாக் கட்சியை அத்தனை வருஷம் தாங்கியவனுக்கு ஒரு சுற்று போதாது. அவன் கால் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ முனகிக்கொண்டிருந்தது.

"அதை அணை."

"சத்தம் கம்மியா வெச்சிருக்கேன்க்கா."

"என் அண்ணன் செத்துக் கிடக்கான்."

"அவரும்தானே முடிவு கேக்கக் காத்திருந்தாரு?"

ரேடியோவை அப்படியே விட்டுவிட்டேன்.

மூன்றாவது சுற்று, மேட்டுத் தெரு. "ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம். பத்ரோசினியோ அவர்கள் ஆண்டவருக்குள்..." என்ற இடத்தில் கீழே மைதானத்துப் பக்கம் ஹாரன்கள் ஒன்றாகக் கத்தின. கோவில் மணியை யாரோ இழுத்தார்கள். எவேலியோ பிரேக்கை மிதித்தான். ரேடியோவைக் காதில் ஒட்டினான். வாய் திறந்தது, மூடவில்லை.

"அக்கா... அக்கா, ஜெயிச்சுட்டோம்க்கா!"

"முதல்ல என் அண்ணனை முடி."

"என் ஓட்டு ஜெயிச்சுடுச்சு! என் ஓட்டு!"

"ஆண்டவருக்குள்னு நிறுத்தியிருக்க. ஆண்டவருக்குள் என்ன ஆனான்? ஜனங்க காத்திருக்காங்க."

"எப்படிக்கா இந்த வாயால இப்ப..."

"இந்த வாயாலதான். அந்த எலாதியோ எப்படியும் உன் வாயை வேணாம்னுட்டான். மருந்துக் கடையில காலாவதியான இருமல் மருந்தை வித்துக்கிட்டு, இவரு வந்துட்டாரு ராசி பாக்க! அந்தப் பற்பசைப் பையன் பேசினா அது வெற்றி மாதிரியா இருக்கும்? பல் வலி மாதிரி இருக்கும்!"

மைக் அணைக்கப்படவில்லை என்பது, எதிர் வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு குழாயிலும் ஊர் முழுக்கக் கேட்டிருக்கிறது. எவேலியோ மைக்கை அணைக்கப் போனான். நான் அவன் கையைப் பிடித்து, "முடி" என்றேன். முடித்தான். என் அண்ணன் ஆண்டவருக்குள் நித்திரையடைந்ததை இவ்வளவு சந்தோஷமாக யாரும் சொல்லியிருக்க முடியாது. ஏதோ பரிசு வாங்கின மாதிரி இருந்தது. தெருவில் ஒரு பெண் கைதட்டியேவிட்டாள்.

கோவிலுக்கு முன்னால் இருக்கிற மைதானத்துக்கு வந்தபோது, ஒரு பக்கம் ஆரஞ்சுக் கொடிகளோடு கார்கள். மறு பக்கம் என் அண்ணனின் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள், பெட்டி மேல் அவன் வெள்ளைத் துணித் தொப்பி. யார் முதலில் போவது என்று இரு தரப்பும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். எலாதியோ எங்கள் வண்டியிடம் வந்தார். முகம் அவர் கொடி நிறத்தில் இருந்தது.

"எதெல்மிரா அம்மா, இறங்குங்க. வண்டி எங்களுக்கு வேணும். யெய்னர், மைக்கை வாங்கு."

"இறங்க மாட்டேன்."

"உங்க மூணு சுற்று முடிஞ்சுதே!"

"முடிஞ்சுது. இப்ப எனக்கு இந்தச் சீட்டு புடிச்சிருக்கு."

"அம்மா, இது எங்க வெற்றி ஊர்வலம். நீங்க ஊதாக் கட்சி!"

"ஆமா. சாகற வரைக்கும் ஊதாதான். எவேலியோ சொல்றதுன்னா வண்டி வரும். அந்தப் பையன் சொல்றதுன்னா நான் பொழுது சாயற வரைக்கும் இங்கேயே ஜெபமாலை சொல்லிக்கிட்டு உக்காந்திருப்பேன். மைக்குலதான் சொல்வேன்."

ஊர்வலத்துக்காரர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். ஒருவன் காரிலிருந்து தலையை நீட்டி, "சொல்லட்டும்யா உப்பன்! அதான் ஜெயிச்சாச்சே, இனிமே அவன் வாய் என்ன பண்ணிடும்?" என்றான். எலாதியோ என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த ஜெபமாலையைப் பார்த்தார். மருந்துக் கடைக்காரருக்கு எந்த நோய் தீராது என்று தெரியும். ஒதுங்கிக்கொண்டார்.

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். என் அண்ணன் பெட்டிக்குப் போனேன். அவன் சத்தியம் எனக்கு நினைவில் இருந்தது. எவேலியோவுக்கும் இருந்தது, முந்தின ராத்திரி பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே அவன் கண் அந்தத் தொப்பியிலேயே போய்ப் போய் நின்றதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பெட்டி மேலிருந்த தொப்பியை எடுத்து என் மார்போடு வைத்துக்கொண்டேன்.

"இதோ, கழட்டியாச்சு. நடு வீதியிலதான் இருக்கான். சொல்லு எவேலியோ, அவன் கேக்கட்டும்."

ஹாரன்கள் நின்றுவிட்டன. எவேலியோ மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வெற்றிக்குக் கத்திய தொண்டை அது. அத்தனை வார்த்தையும் அதற்கு மனப்பாடம். ஆனால் எதிரே பெட்டி. பெட்டியைக் கண்டால் அவன் வாய் எந்தப் பக்கம் போகும்? மூச்சை இழுத்தான். கிணற்றுக்குள் வாளியை இறக்கினான்.

"ஆ...ழ்ந்த வருத்தத்துடன் அறிவிக்கிறோம்! எங்கள் ஆரஞ்சுக் கட்சி... ஜனாதிபதித் தேர்தலில்... வெற்றியடைந்தது!"

பெட்டியைத் தூக்கியிருந்த எங்கள் ஆட்கள் சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது. "சரியாச் சொன்னடா உப்பா! எங்க வருத்தமும் அதான்!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். எலாதியோ சிலுவை போட்டுக்கொண்டு, "முடிஞ்சுது. நம்ம ஆட்சி நாலு வருஷமும் முடிஞ்சுது" என்றார். எவேலியோ நான் தொப்பி வைத்திருந்த கையைப் பார்த்துக்கொண்டே அழுதான், சிரித்தான், மறுபடி மைக்கைத் தூக்கிச் சரியான வார்த்தைகளைச் சொன்னான். ஒரு தடவை இல்லை. தொண்டை கிழியும்வரை சொன்னான். காசு வாங்காமல் சொன்னான்.

ஆனாலும் முதலில் பெட்டியைத்தான் போகவிட்டான். ஊர்வலம் ஹாரன் அடிக்காமல் கோவில் வாசல் வரை எங்கள் பின்னால் வந்தது. எலாதியோவும் வந்தார். தொப்பியை மறுபடி பெட்டி மேல் வைத்தேன். கோவிலுக்குள்ளும் கழற்றவில்லை. பாதிரியார் பார்த்தார், நானும் பார்த்தேன், அவர் பூசையைத் தொடங்கினார்.

அந்த ஜனாதிபதி இப்போது ஆண்டுகொண்டிருக்கிறார். மேட்டுத் தெருவுக்கு இன்னும் தார் போடவில்லை. பாலம் ஆடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஊர் எவேலியோவைத்தான் பிடிக்கிறது. "ஆரம்பத்துலயே சாவுச் செய்தியா சொல்லிட்டியேய்யா" என்கிறார்கள். அவனுக்குக் கவலையே இல்லை. அந்த நாளை நினைத்துக்கொண்டு முட்டைக்கோசைக்கூட வெற்றி மாதிரி கூவி விற்கிறான்.

போன வாரம் என் வாசலில் வண்டியை நிறுத்தி வெல்லத் தண்ணீர் கேட்டான். கொடுத்தேன்.

"எவேலியோ, நான் போனா நீதான் சொல்லணும். கிணத்துக் குரல் வேணாம். அன்னைக்கு மேட்டுத் தெருவில என் அண்ணனை முடிச்ச பாரு, அந்தக் குரல்."

"சரிக்கா. அப்ப அடுத்த தேர்தல்ல எங்க கொடிக்கு ஒரே ஒரு ஓட்டு..."

"டம்ளரைக் குடு," என்றேன்.