தண்ணீர் ஊற்றாத பிள்ளை

டான்டன் ஊரில் பன்றி அறுக்கும் டார்க்கஸ் பிளைக்குக் கோபம் வந்தால் கத்தியைத் தேடமாட்டாள், வேதத்தைத் தேடுவாள். கத்தியே தேவலை என்பேன். அவள் கடையில் குடல் கழுவுகிறவன் நான், இரண்டின் தட்டையான பக்கத்தாலும் அடி வாங்கியவன்.

தலையில் தண்ணீர் ஊற்றிப் பேர் வைக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதற்குள் அவள் குழந்தை செத்துப்போனது. அதன் ஆத்துமா கரையேறாது என்று சொல்லி, கல்லறைச் சுவருக்கு வெளியே புதைக்க வைத்தார் பாதிரியார். அன்றிலிருந்து வேதத்தைப் புரட்டிப் புரட்டி, பிள்ளை கடவுளிடம்தான் இருக்கிறது என்று சாதித்து ஒரு புத்தகம் எழுதி வந்தாள். பிரசங்கம் கேட்டுக் குறிப்பெடுக்க எங்கள் ஜெபக்கூட்டத்து ஆட்கள் பழகிவைத்திருக்கும் சுருக்கெழுத்தில், கோழி கிளறின மாதிரி.

அரசாங்கச் சபையில் சேராததால் தடைசெய்யப்பட்ட அந்த ஜெபக்கூட்டம் எங்கள் அறுப்புக் கொட்டகையில்தான் நடக்கும். ஒரு ஞாயிறு காவலதிகாரி நோக்ஸ் தடியர்களோடு புகுந்தான். ஒரு நெசவாளியின் பற்கள் ரத்தத் தொட்டியில் விழுந்தன. நோக்ஸ் பிடுங்கியும் டார்க்கஸ் தான் எழுதின புத்தகத்தை விடவில்லை. அவன் அவள் வலது கையை பூட்ஸால் மிதித்தான். விரல்கள் முறிந்த சத்தம் எனக்குப் பழகின சத்தம். பன்றிக்கால் அப்படித்தான் முறியும். ஒரு வாளி ரத்தத்தை அவன் தலையில் கவிழ்த்தேன். பதிலுக்கு என் மூக்கு வளைந்தது. அதற்கு முன்பும் அது பெரிய அழகில்லை.

நீதிபதி முன்னால் நோக்ஸ் அந்தப் புத்தகத்தைக் காட்டி, இது ராஜதுரோகிகளின் ரகசிய எழுத்து, துப்பாக்கிக் கணக்கு என்று சத்தியம் செய்தான். உறுதியானால் தூக்கு. நீதிபதி அவளையே வாசிக்கச் சொன்னார். பெண்பிள்ளை பிரசங்கிக்கக்கூடாது என்பதை அவசரத்தில் மறந்துவிட்டார் பாவம்.

அவள் வாசித்தாள்: "நான் அறுத்ததுக்கு அளவில்ல. உசுரு போறப்போ பக்கத்துலயே இருந்திருக்கேன். தண்ணி ஒட்டுற எடம் அதுல ஒண்ணும் இல்ல. ஒட்டாத தண்ணியச் சாக்குச் சொல்லி என் பிள்ளைய வெளிய தள்ள, கடவுள் என்ன நம்ம பாதிரியாரா?"

ஆண்கள் சிரித்தார்கள். பின்வரிசைப் பெண்கள் சிரிக்கவில்லை.

துரோகம் இல்லை, தூக்கும் இல்லை. பிரசங்கித்த குற்றத்துக்கு, வண்டியின் பின்னால் கட்டிச் சந்தை முழுக்கச் சாட்டையடி. புத்தகம் அவள் கண்ணெதிரே நெருப்பில். அடிக்கு அழாதவள் அதற்கு அழுதாள். எனக்குக் கண்ணில் புகை பட்டது, அவ்வளவுதான்.

மறுநாள் வாத்துக்கொழுப்புக் கிண்ணத்தோடு கொல்லைப் பக்கமாக வந்தாள் நோக்ஸின் மனைவி. டார்க்கஸின் கிழிந்த முதுகில் பூசிக்கொண்டே, பின்வரிசையில் இருந்து கேட்ட அந்தத் தண்ணீர் விஷயத்தை மறுபடி வாசிக்க முடியுமா என்று கேட்டாள்.

"எரிச்சாச்சு. திரும்ப எழுதக் கையும் இல்ல, ஒம் புருசன் புண்ணியத்துல," என்றாள் டார்க்கஸ்.

வந்தவள் பூசுவதை நிறுத்தவில்லை. "செவுத்துக்கு வெளிய எனக்கும் ஒண்ணு கெடக்குதுக்கா."

டார்க்கஸ் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தாள். "பேரென்ன?" என்றாள்.

"தண்ணி ஊத்தாம ஏது பேரு?"

"என்னுதுக்கும் இல்ல. கிட்ட வந்து உக்காரு. மொதப் பக்கத்துலேருந்தே சொல்றேன்."